ஐம்பத்து நான்கு இரவுகள்

புனர்பூசத்தின் இரண்டு வெள்ளிகளில் இருந்து திருவாதிரையை நோக்கி ஒரு கோடு கீறினால், பாதி வழிக்குச் சற்று முன்னால் ஒரு மங்கலான நட்சத்திரம் வரும்; பாடப்புத்தகத்தில் உடு. கிரேக்க எழுத்தால் பெயர் வைத்த, மிதுனத்தின் சீற்றா. அதன் ஒளிப்பருமன் 3.6க்கும் 4.2க்கும் இடையில் மாறும். எண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். விரியும்போது குளிர்ந்து, சுருங்கும்போது சூடேறி, பத்து நாட்களும் ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலமும் கழிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். குறுக்களவில் சூரியனைப் போல அறுபது மடங்குக்கு மேல். ஆனாலும் தெருவிளக்குக்குக் கீழே நின்று பார்த்தால் தெரியாது. அவ்வளவு தூரம்.

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கு அருட்செல்வன் சேர் இந்த உடுவை எனக்கும் என்னுடன் படித்த யதுசனுக்கும் தந்தார். தொலைநோக்கி இல்லை. கண் மட்டும்தான். நான் அரியாலையில் இருந்தும் அவன் தெல்லிப்பழையில் இருந்தும் தனித்தனியே பார்த்து, மாறும் காலத்தைக் கணிக்க வேண்டும். இரண்டு இடத்துக் கணிப்பையும் ஒப்பிடலாம் என்றார்.

முறை எளிது. பக்கத்தில் சற்று ஒளி கூடிய டெல்ற்றா இருக்கிறது. ஒளி குறைந்த நியூ இருக்கிறது. இரண்டும் மாறாதவை. சீற்றா இன்று எதற்குக் கிட்ட நிற்கிறது என்று கண்ணால் மட்டிட்டு எழுதினால் அதுதான் அளவு. ஒரு அளவில் 0.1 வரை பிழை வரும். அதைக் குறைக்க ஒரே வழி, நிறைய நாட்கள் பார்ப்பது.

அது 2022ஆம் ஆண்டு. மார்ச்சை நாங்கள் பங்குனி என்போம்; அந்தப் பங்குனி பத்தாம் திகதி தொடங்கினேன். நாடு முழுவதும் மின்வெட்டு. ஆங்கில எழுத்துகளால் பகுதிகளைப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது மின்சாரம் போகும் என்று தினமும் பட்டியல் வரும். எல்லோரும் அதைப் பார்த்துத் திட்டினார்கள். நான் அதைக் கொப்பியில் எழுதி வைத்தேன். பங்குனியில் சீற்றா தலைக்கு மேல் நின்றதால் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு மட்டும், இருண்டால் போதும். சித்திரை பிறக்க அது மேற்கே சாய்ந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு மேலே போய்விட்டது. அதன் பிறகு எங்கள் வீட்டு மின்வெட்டால் எனக்குப் பயன் இல்லை. பட்டணத்து எழுத்துகளுக்கு எப்போது வெட்டு என்று பார்த்தேன். சில நாட்களில் எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்ற, நான் முற்றத்து லைற்றை நிற்பாட்டிவிட்டுப் பட்டணம் இருளும் வரை வேலியோரம் காத்திருந்தேன்.

ரோச் லைற்றுக்குச் சிவப்புச் சொப்பிங் பை சுற்றியிருந்தேன். அந்த வெளிச்சத்தில்தான் எழுதினேன். பக்கத்து வீட்டுக் கமலாவதி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை மேலையிருந்தோ இறங்கி வாறார் என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்மா குசினிக்குள் இருந்து, பிள்ளை கம்பஸிலை படிப்பிக்கப் போறாள், அதுக்குத்தான் பார்க்கிறாள் என்றார். அம்மா நாகேஸ்வரி ஒரு விடயத்தை ஒருமுறை சொன்னால் ஒழுங்கை முழுக்கப் போய்விடும்.

அம்மா சொன்னது முழுப் பொய் இல்லை. எங்கள் துறையில் ஒவ்வொரு வருடமும் சித்தியடைபவர்களில் ஒருவரைத் தற்காலிக உதவி விரிவுரையாளராக எடுப்பார்கள். மூன்றாம் வருட முடிவில் நானும் யதுசனும் ஏறக்குறையச் சமமாக நின்றோம். ஆய்வுக்குக் கிடைக்கும் புள்ளிதான் தீர்மானிக்கும். அப்பா களப்பில் இறால் பிடிப்பவர். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி வாரக்கணக்கில் கரையில் கிடந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் எழுதுகிறேன், மிகவும் வேண்டும்.

அறுபது மாலைகளில் நான் பார்த்தது இருபத்தேழு. பன்னிரண்டு நாட்கள் முகில். ஒன்பது நாட்கள் நிலவு அதிகம். பத்து நாட்கள் பட்டணம் இருளவில்லை. வருசப் பிறப்பு நாட்களும் அதில் அடக்கம். இரண்டு நாட்கள் அப்பாவுக்காக மண்ணெண்ணெய் வரிசையில் கலனை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த இடத்தில் ஜெனரேற்றர் விளக்கு. முப்பத்து மூன்று நாட்களுக்கும் எதிரே ஒரு கோடு இழுத்து, காரணத்தை எழுதினேன்.

யதுசனுடைய வீட்டில் மின்சாரம் போவதில்லை. அது எங்கள் வகுப்புக்கே தெரிந்த விடயம். வைத்தியசாலைக்குப் போகும் மின்கம்பியில் இருந்துதான் அவர்களுடைய ஒழுங்கைக்கும் இணைப்பு. வைத்தியசாலைக்கு வெட்ட மாட்டார்கள் என்பதால் அந்த ஒழுங்கைக்கும் வெட்டு இல்லை. அவனை எல்லோரும் ஆஸ்பத்திரி லைன் என்றே கூப்பிட்டார்கள். எங்கள் வகுப்பு லவீனா இணுவிலில் இருந்து சைக்கிளில் போய் அங்கே மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவாள். அவனுடைய அம்மா தேத்தண்ணியும் கொடுப்பாவாம்.

சித்திரை நடுவில் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். கொப்பியில் இருப்பதை எப்போது கணினியில் ஏற்றப் போகிறேன் என்று கேட்டான். கரண்ட் வரும்போது என்றேன்.

"உமக்குக் கரண்ட் வாறதும் காகம் வாறதும் ஒண்டு. பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும். நான் எக்செலிலை அடிச்சுத் தாறன்."

அனுப்பினேன். இரண்டு நாளில் தட்டச்சிட்ட கோப்பு வந்தது. ஒரு எண்கூடப் பிழை இல்லை. நல்ல கண் உமக்கு என்று கீழே எழுதியிருந்தான். அதைப் பலமுறை வாசித்தேன். பிறகு வாரம் ஒருமுறை நானே படமெடுத்து அனுப்பினேன். அவனுடைய அளவுகள் எப்படி என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்னைப் போட்டிக்காரி என்று நினைப்பானோ என்று பயந்தேன்.

இருபத்தேழு புள்ளிகளில் இருந்து எனக்குக் கிடைத்த காலம் 10.4 நாள். பிழை, கூடவோ குறையவோ 0.3. நூல்களில் இருப்பது 10.15. அது என் பிழை எல்லைக்குள் வருகிறது. கண்ணால் பார்த்து அறுபது நாளில் இதற்கு மேல் நெருங்க முடியாது. கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்து, அப்படியே எழுதினேன். ஒரு உடு விரிந்து சுருங்குவதை எங்கள் வேலியோரத்தில் நின்று நானே கண்டுபிடித்திருக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

வாய்மொழிப் பரீட்சை ஆவணியில் நடந்தது. வெளியில் இருந்து ஒரு பரீட்சகர் அம்மா வந்திருந்தார். யதுசன் முதலில் பேசினான். அறுபது நாட்களில் அவன் ஐம்பத்து நான்கு நாட்கள் பார்த்திருந்தான். ஆறு நாட்களுக்கு எதிரே மழை என்று இருந்தது. புள்ளிகள் ஒரு மென்மையான வளையியில், வளைந்த கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. காலம் 10.15. பிழை 0.01.

திரையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருபத்தேழு என்னுடையவை. சிலவற்றில் 0.1 கூட்டியிருந்தான், சிலவற்றில் குறைத்திருந்தான். எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். பங்குனி இருபத்தேழாம் திகதி சீற்றா நான் நினைத்ததை விட மங்கலாக இருந்தது. ஐந்து தரம் கண்ணை மூடித் திறந்து பார்த்துத்தான் எழுதினேன். அந்தப் புள்ளி வளையியை விட்டு இலேசாகக் கீழே நின்றது. அவனுடைய வளையியிலும் அது அங்கேதான் நின்றது.

ஒவ்வொரு அளவுக்கும் நேரம் போட்டிருந்தான். தெல்லிப்பழைக்குரிய எழுத்தின் மின்வெட்டு நேரம். பட்டியலில் இருந்து எடுத்திருந்தான். தன் வீட்டுக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது என்பதை அவன் மறந்துவிட்டான்.

அடுத்து நான் பேசினேன். என் படத்தில் புள்ளிகளை விட இடைவெளிகள்தான் அதிகம். பரீட்சகர் அம்மா இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பேரின்ரை அளவுகளும் நல்லா ஒத்துப் போகுது. ஆர் ஆருக்கு உதவி செய்தது?"

யதுசன் எழுந்தான். "நாங்கள் ரெண்டு பேரும் இடைக்கிடை ஒத்துப் பார்த்தனாங்கள், மேடம். கோபிகாவுக்கு எக்செல் வேலையெல்லாம் நான்தான் செய்து குடுத்தனான்."

அவன் சொன்ன இரண்டாவது வசனம் பொய் இல்லை. பரீட்சகர் அம்மா என்னைப் பார்த்து, அப்படியா என்றார். அந்த அறையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

ஐம்பத்து நான்கு நாட்கள் பார்த்தவனிடம் இருந்து இருபத்தேழு நாட்கள் பார்த்தவள் எடுத்திருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸில் போகும்போது ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சேரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வரச் சொன்னார். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. இருந்தால் வசனம் மறந்துவிடும் என்று பட்டது.

"சேர், யதுசன்ரை வீடு ஆஸ்பத்திரி லைன். அங்கை கரண்ட் போறேல்லை. தெருலைற் எரியும். அவர் சொல்லுற நேரத்திலை சீற்றா தெரிஞ்சிருக்காது."

சேர் பேனையை மூடி வைத்தார்.

"எனக்குத் தெரியும். அவையின்ரை வீட்டிலை இருந்து நாலாவது வீடு என்ரை. எங்களுக்கும் கரண்ட் போகேல்லை."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. நான் தயார் செய்து வந்தது அந்த ஒரு வசனம்தான்.

"அவன்ரை 10.15 பிழையோ?" என்று கேட்டார்.

"இல்லை, சேர்."

"உம்மடை 10.4 சரியோ?"

"கூடக்குறைய 0.3 போட்டிருக்கிறன். 10.15 அதுக்குள்ளை வருது, சேர்."

"பிழையைப் பெரிசாப் போட்டா எல்லாம்தான் அதுக்குள்ளை வரும், பிள்ளை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னார். வெளிப் பரீட்சகருக்கு யதுசனுடைய அறிக்கை பிடித்துவிட்டது என்றார். துறைக்கும் அது நல்ல பெயர் என்றார். இந்த நேரத்தில் யாரையும் கூப்பிட்டு விசாரித்தால் என்னுடைய கொப்பி எண்களை ஏன் அவன் கையில் கொடுத்தேன் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றார். அதுவும் சரிதான். பிறகு திருத்தங்களுக்கு இரண்டு வாரம் தருவதாகச் சொல்லி, என் அறிக்கையை என் பக்கமாகத் தள்ளினார்.

"முப்பத்திமூண்டு நாள் வெறுமையாக் கிடக்கு. வடிவான வளையி ஒண்டைப் போட்டு, அதிலை இருந்து வாசிச்சு ஒரு பதினைஞ்சு நாளை நிரப்பும். உமக்கும் 10.15 வந்திடும். நான் மாக்ஸைக் கூட்டி விடுறன். ஒருத்தரும் மேலை போய்ப் பார்க்கப் போறதில்லை."

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் நன்றி சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்து, சேர் என்ன சொன்னவர் என்றார். திருத்தச் சொன்னவர் என்றேன். அப்ப திருத்து என்றார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிழை விட்டா திருத்துறதுதானே, அதுக்கேன் உந்த முகம் என்றார்.

பத்தாம் நாள் வரை கோப்பைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் திறந்தேன். சித்திரை ஆறாம் திகதி வரிசையில் 'மண்ணெண்ணெய் வரிசை' என்று இருந்தது. அதை அழித்து 3.8 என்று எழுதினேன். வளையியில் இருந்து பார்த்தால் அன்று 3.8தான் வந்திருக்க வேண்டும். எண்ணை எழுதி முடித்ததும் மேலும் கீழும் பார்த்தேன். மற்றைய எண்களுக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. உண்மையில் அது நான் பார்த்து எழுதிய சில எண்களை விட நல்ல எண்.

அடுத்த முக்கால் மணித்தியாலத்தில் பதினான்கு எண்கள் எழுதினேன். காலத்தைக் கணித்தேன். 10.16 வந்தது. படத்தைக் கீறினேன். அழகாக இருந்தது. சேமிக்கவா என்று கணினி கேட்டது.

இல்லை என்று அழுத்தினேன். துணிவில் அப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பதினைந்து எண்களும் உள்ளே போனால் மற்ற இருபத்தேழையும் இனி நானே நம்ப மாட்டேன் என்று பட்டது. என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அறிக்கையைக் கொடுத்தேன். சேர் பக்கங்களைப் புரட்டி, படம் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கையெழுத்துப் போட்டார்.

யதுசனுக்கு முதல் வகுப்பு. எனக்கு இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. கார்த்திகையில் அவனுக்கு வேலை கிடைத்தது. வகுப்பில் எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். எனக்கும் ஒன்றைத் தட்டில் வைத்துத் தந்தான். நல்ல சூடு. சாப்பிட்டேன்.

நான் மருதனார்மடத்தில் ஒரு ரியூசன் சென்ரரில் ஒன்பதாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினேன். சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டில். மழை பெய்தால் குரல் எடுபடாது. எனக்குச் சாதாரண நாளிலும் எடுபடாது. பின்வரிசை வாங்கிலில் இருப்பவர்கள், மிஸ் கேக்கேல்லை என்பார்கள். அம்மா ஒழுங்கையில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. கமலாவதி மாமி என்னைக் கண்டால் இப்போது எதுவும் கேட்பதில்லை.

அடுத்த பங்குனிக்குள் மின்வெட்டு நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கைக்கும் வெள்ளை எல்ஈடி விளக்குகள் போட்டார்கள். அந்த மாதம் ஒரு மத்தியானம், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது யதுசன் தொலைபேசி எடுத்தான். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அன்று இருட்டியதும் மைதானத்தில் வானம் காட்டப் போகிறானாம். அவனுடைய ஆய்வு உடுவைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கிறார்களாம். முதலில் வேறு கதைகள் கதைத்தான். என் வேலையைப் பற்றிக் கேட்டான். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, உந்தச் சீற்றா எந்தப் பக்கம், எப்பிடிக் கண்டுபிடிக்கிறது என்றான்.

புனர்பூசத்தில் இருந்து திருவாதிரைக்கு ஒரு கோடு என்று வாய் வரை வந்துவிட்டது. யார் கேட்டாலும் அதுதான் முதலில் வரும்.

"உம்மடை அறிக்கையிலை ஐம்பத்திநாலு நாள் பார்த்திருக்கிறீர்," என்றேன். "அதிலை ஒரு நாள் பார்த்த மாதிரிப் பாரும்."

அவ்வளவு நீளமாக அவனுடன் நான் ஒருபோதும் பேசியதில்லை. அவன் மெல்லச் சிரித்தான்.

"நீர் இன்னும் அதை வைச்சுக்கொண்டிருக்கிறீரோ? சரி விடும். ஃபோனிலை நட்சத்திரம் காட்டுற அப் இருக்கு, பார்க்கிறன்."

கோபிக்கவும் இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும் என்று சொல்லி வைத்தான்.

அடுத்த நாள் துறையின் முகநூல் பக்கத்தில் படங்கள் வந்தன. மைதானத்தின் நான்கு மூலையிலும் விளக்குகள் எரிந்தன. நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோரும் தொலைபேசிகளைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். யதுசன் நடுவில் நின்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வானம் சாம்பல் நிறமாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தது. ஒரு பிள்ளையின் திரை மட்டும் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிதுனம் கோடுகளால் கீறப்பட்டிருந்தது. சீற்றாவைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் ஒளிப்பருமன் 3.9 என்று இருந்தது. அந்த அப் என்றைக்கும் 3.9தான் காட்டும். நான் பார்த்த நாட்களில் இருந்து நூலின் 10.15ஐ வைத்து எண்ணினால் அன்று அது ஆகவும் மங்கிய நாள்.

அவன் கை நீட்டியிருந்த திசையையும் பார்த்தேன். மேற்கு, நேர் மேலே இருந்து கொஞ்சம் சாய்ந்து. சரியான இடம்தான்.

கீழே நூற்றுப் பன்னிரண்டு விருப்பக்குறிகள். எங்கள் வகுப்பில் எல்லோரும் போட்டிருந்தார்கள். சேரும் போட்டிருந்தார். நான் மட்டும் போடாவிட்டால் கவனிப்பார்கள் என்று தோன்றியது. நானும் போட்டேன்.